மெக்சிக்கோ நாட்டுப் பச்சைச் சம்பல்

ஓர் உணவுப் பொருளைக் கடல் கடந்து கொண்டு செல்லுதல் எளிது. அதனை ஆக்கி உண்ணும் முறையையும் உடன் கொண்டு செல்லுதல் அரிது. வித்தைப் பையிற் கட்டி எடுத்துச் செல்லலாம். கைப்பழக்கத்தை அவ்வாறு கட்டி எடுத்துச் செல்ல இயலாது. இவ்வுண்மைக்குத் தக்கதொரு சான்று, மெக்சிக்கோ நாட்டு மக்கள் நாள்தோறும் உண்ணும் சல்சா என்னும் தொடுகறியாகும்.

இன்று உலகின் பெருநகர்க் கடைகள் பலவற்றில் இது போத்தலில் அடைக்கப்பட்டு விற்கப்படுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, தெக்சாஸ் மாநிலத்துச் சான் அந்தோனியோ நகரில், டேவிட் பேஸ் என்பார் 1947 ஆம் ஆண்டில் இத்தகைய காரச் சாற்றைப் போத்தலில் விற்கத் தொடங்கினார். 1990 களின் தொடக்கத்தில் அந்நாட்டில் சல்சா விற்பனையால் வந்த பணம், தக்காளிச் சோஸ் விற்பனையால் வந்த பணத்தையும் விஞ்சிற்று. ஆயினும் போத்தலில் உள்ளது கெடாதிருக்கும் பொருட்டுச் சூடேற்றப்பட்ட வேறொரு பண்டம். மெக்சிக்கோவின் பச்சைச் சல்சாவோ உண்பதற்குக் கால் மணி நேரத்திற்கு முன்னர் வீட்டிலே செய்யப்படுவது. அதனை எவ்வாறு செய்வது, ஏன் அன்றன்றே செய்ய வேண்டும் என்பவற்றை இங்கே நோக்குவோம்.

பெயரும் பிறப்பும்

சல்சா என்பது ஸ்பானிய மொழிச் சொல். உப்பிடப்பட்டது என்பதே அதன் மூலப் பொருள். இலத்தீன் மொழியில் உப்பைக் குறிக்கும் 'சால்' என்ற சொல்லின் வழிப் பிறந்தது அது. ஆங்கிலத்தில் வழங்கும் சோஸ், சலாட் ஆகிய சொற்களும் அவ்வேரிலிருந்து வந்தவையே. 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று நாம் ஒரு பழமொழியாற் சொல்வதை அம்மக்கள் ஒரு பெயரில் அடக்கி வைத்தனர் எனலாம்.

பெயர் ஸ்பானியருடையதாயினும் பண்டத்தின் பிறப்பு அவர்களால் நிகழ்ந்ததன்று. கோர்த்தேஸ் என்பவனின் படை 1521 ஆம் ஆண்டிலே தெனோச்தித்லான் நகரைக் கைப்பற்றியது. அதற்கு நெடுங்காலம் முன்னரே அந்நாட்டு மக்கள் மிளகாயையும் தக்காளியையும் கல்லில் அரைத்து உண்டு வந்தனர். நாவாத்தல் என்னும் அவர்தம் மொழியில் இத்தகைய கலவைகளுக்கு 'மொல்லி' என்று பெயர். மிளகாயை அவர்கள் 'சில்லி' என்றனர். ஆங்கிலேயர் இன்று வழங்குவதும் அச்சொல்லே. 'தொமாத்தல்' என்பது தொமாட்டோ ஆயிற்று. 1529 ஆம் ஆண்டில் அங்கு சென்ற பெர்னார்தினோ தெ சாகூன் என்னும் கத்தோலிக்கத் துறவி, நாவாத்தல் மொழி கற்ற உள்நாட்டவர் துணையுடன் அம்மக்களின் வாழ்வை ஆராய்ந்து பன்னிரண்டு பாகங்கள் கொண்ட பெருநூல் ஒன்றைத் தொகுத்தார். சந்தையிலே தக்காளி விற்போரையும், மிளகாய் சேர்த்த சாறு வகைகளை விற்போரையும் பற்றிய குறிப்புகள் அந்நூலில் உண்டு.

இன்றைய பச்சைச் சல்சாவிற் சேரும் பொருள்கள் ஆறு: தக்காளி, பச்சை மிளகாய், வெங்காயம், கொத்தமல்லி இலை, தேசிக்காய்ச் சாறு, உப்பு. இவற்றுள் தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துக்கே உரியவை. வெங்காயமும் கொத்தமல்லியும் தேசிக்காயும் ஸ்பானியருடன் கப்பலேறிச் சென்றவை. கொலம்பஸ் 1493 ஆம் ஆண்டில் மேற்கொண்ட இரண்டாம் பயணத்திலேயே எலுமிச்சை இன வித்துக்கள் மேற்கிந்தியத் தீவுகளை அடைந்தன. மெக்சிக்கோவில் 'லிமோன்' என்று பிழிந்து ஊற்றப்படும் சிறு காய், ஆசியாவிலே தோன்றி அரபு நாட்டினர் வழியாக ஐரோப்பாவை அடைந்த எமது தேசிக்காயின் இனமேயாகும்.

மறுபுறம், 1505 ஆம் ஆண்டில் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயரின் வணிகத்தின் வழியே மிளகாய் எம்மவரை வந்தடைந்தது. அதுவரை காரத்துக்கு மிளகையே நம்பியிருந்த எம்முன்னோர், புதிய காயை மிளகின் பெயராலேயே அழைத்தனர். மிளகுபோற் காரமுடைய காய் மிளகாய் ஆயிற்று. சீமைத்தக்காளி என்னும் பழைய வழக்கும் அவ்வாறே தோன்றியது. எனவே ஒரு கிண்ணம் சல்சாவிலே, இங்கிருந்து சென்ற தேசிக்காயும் அங்கிருந்து வந்த மிளகாயும் ஒன்றையொன்று சந்திக்கின்றன.

பொருள் சென்றது, முறை செல்லவில்லை

பொருளை மட்டும் எடுத்து முறையை விட்டுச் சென்றால் விளையும் தீங்கைச் சோளத்தின் வரலாறு காட்டுகின்றது. மெக்சிக்கோ மக்கள் சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவி, அரைத்து, தோர்த்தியா என்னும் மெல்லிய உரொட்டியாகச் சுடுகின்றனர். சல்சா அவ்வுரொட்டிக்குத் துணை. ஐரோப்பியர் சோள வித்தைக் கொண்டு சென்றனர். சுண்ணாம்பு முறையைக் கற்றுச் செல்லவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழை மக்களைத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, அறிவு மயங்கும் ஒரு கொடிய நோய் பற்றியது. ஸ்பெயின் நாட்டு அஸ்தூரியாஸ் பகுதியிலே கஸ்பார் கசால் என்னும் வைத்தியர் 1735 ஆம் ஆண்டில் அதனை இனங்கண்டார். பின்னர் இத்தாலியிலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அந்நோயால் மாண்டோர் பலர். பெலாக்ரா எனப்படும் அந்நோய், நயசின் என்னும் உயிர்ச்சத்துக் குறைவால் வருவது என்பது 1937 ஆம் ஆண்டளவிலேயே தெளிவாயிற்று. சோளத்தினுள் கட்டுண்டிருக்கும் அச்சத்தைச் சுண்ணாம்பு நீர் விடுவிக்கின்றது. எழுத்தறியாப் பெண்களின் கைப்பழக்கத்துள் இருந்த நன்மையை அறிஞர் உலகம் கண்டறிய நானூறு ஆண்டுகள் சென்றன.

அக்கைகளை இகழ்ந்தோரும் இருந்தனர். மெக்சிக்கோ நாட்டு அரசியலறிஞர் பிரான்சிஸ்கோ புல்னெஸ் என்பவர் 1899 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே மனித குலத்தைக் கோதுமை உண்போர், அரிசி உண்போர், சோளம் உண்போர் என மூன்றாகப் பிரித்து, முன்னேற்றம் கோதுமை உண்போர்க்கே உரியது என்று வாதிட்டார். சோறு உண்ணும் நாமும் அவர் கணக்கிலே தேறவில்லை. ஆனால் 2010 ஆம் ஆண்டிலே, யுனெஸ்கோ நிறுவனம் மெக்சிக்கோவின் மரபுவழிச் சமையலை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தது. சுண்ணாம்பிட்டுச் சோளம் பதப்படுத்தும் முறையையும், அரைக்கும் கல்லையும் அப்பதிவு தனித்துக் குறிப்பிடுகின்றது.

இரண்டு கற்கள்

மெக்சிக்கோவின் அடுக்களையில் இரண்டு கற்கள் உண்டு. ஒன்று மெத்தாத்தே, எமது அம்மியைப் போன்று நீண்ட குழவியால் அரைப்பது, ஆனால் மூன்று கால்களின்மேற் சரிந்து நிற்பது. மற்றையது மொல்காஹெத்தே, எரிமலைக் கல்லிற் குடைந்த முக்காற் கிண்ணமும் கைக்குள் அடங்கும் சிறு குழவியும் சேர்ந்தது. முன்னையது சோளத்துக்கு, பின்னையது சல்சாவுக்கு.

மெத்தாத்தேயின் முன்னே பெண்கள் முழந்தாளிட்டு நாள்தோறும் பல மணி நேரம் சோளம் அரைத்தனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே சோள அரைவை ஆலைகள் ஊரூராகப் பரவியபோது, அவற்றைத் தம்மூருக்கும் வேண்டுமெனப் பெண்களே முயன்று பெற்ற இடங்கள் பல. அதனை எவரும் குறை கூறல் ஆகாது. முழங்கால் தேய அரைப்பதைப் பண்பாடு என்று புகழ்வோர் ஒரு நாளேனும் அரைத்துப் பார்த்தல் வேண்டும். எனினும் சிறு கல்லாகிய மொல்காஹெத்தே, மின்சார அரைப்பான் வந்த பின்னரும் பல வீடுகளில் நிலைத்திருக்கின்றது. அதன் வேலை சில நிமிட வேலை என்பதே காரணம். மணிக்கணக்கான உழைப்பை எந்திரம் ஏற்றுக்கொண்டது நன்று. நிமிடக் கணக்கான உழைப்பையும் தொழிற்சாலைக்கு ஒப்படைத்து, அதன் விலையாகச் சுவையைக் கொடுத்துவிடுவது நன்றா என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

சுவை எங்கே பிறக்கின்றது?

தக்காளியைக் கத்தி வெட்டும்போது அதன் கலங்கள் உடைகின்றன. வெவ்வேறாக இருந்த பொருள்கள் ஒன்றோடொன்று கலக்க, நொதியங்கள் தொழிற்பட்டுப் பசுமையான ஒரு நறுமணத்தைச் சில நிமிடங்களிற் பிறப்பிக்கின்றன. அம்மணம் நிலையற்றது, நேரம் செல்ல மாறும், சூடேற மறையும். வெங்காயத்தின் காரமும் அவ்வாறே வெட்டிய பின்னர்ப் பிறப்பது. முழு வெங்காயம் கண்ணைக் கரிப்பதில்லை. வெட்டிய வெங்காயமே கரிக்கும். ஆகவே பச்சைச் சல்சாவின் சுவை, பொருள்களிற் பாதியும் வெட்டுவதற்கும் உண்பதற்கும் இடைப்பட்ட சிறு பொழுதிற் பாதியுமாக இருக்கின்றது. அப்பொழுதைப் போத்தலில் அடைத்தல் எவ்வாறு கூடும்?

உடல்நலமும் இதனுட் கலந்துள்ளது. சம நிறையளவில் நோக்கினால் பச்சை மிளகாயில் தோடம்பழத்திலும் பல மடங்கு விற்றமின் சீ உண்டு. அங்கேரி நாட்டு விஞ்ஞானி சென்ற் ஜியோர்ஜி 1930 களின் தொடக்கத்தில் இவ்வுயிர்ச்சத்தைப் பேரளவிற் பிரித்தெடுத்தது, அமெரிக்காவிலிருந்து தம் நாட்டிற்கு வந்த மிளகாய் இனமொன்றிலிருந்தே. 1937 ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாம் உண்ணும் மிளகாய் சிறிதளவே என்பது மெய். தக்காளியும் தேசிக்காயும் உடன் சேர, உரொட்டியும் அவரையும் உண்ணும் ஏழையின் உணவுக்கு அது பெருந்துணையாகின்றது. சூட்டிலும் காலத்திலும் குறைந்துபோகும் சத்து இது. ஆதலாற் பச்சையாகவும் உடனுக்குடனும் உண்பது பொருத்தமே.

செய்முறை

ஐவருக்குப் போதுமான அளவு வருமாறு: நன்கு பழுத்தும் இறுக்கம் குன்றாத நடுத்தரத் தக்காளி மூன்று, பெரிய வெங்காயம் பாதி, பச்சை மிளகாய் இரண்டு, கொத்தமல்லி இலை ஒரு கைப்பிடி, தேசிக்காய் பாதி, உப்பு அரைத் தேக்கரண்டி. மெக்சிக்கோவில் செர்ரானோ என்னும் மிளகாயை இடுவர்; எமது பச்சை மிளகாய் அதன் இடத்தை நன்கு நிரப்பும்.

முதலில் தக்காளியைத் தெரிதல். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த தக்காளியை விடுத்து, வெளியே பழுத்ததை எடுத்தல் வேண்டும். கடுங்குளிரிலே கிடந்த தக்காளி, மணத்தை உண்டாக்கும் ஆற்றலைப் பெரிதும் இழக்கின்றது என்பதை அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு விளக்கியுள்ளது. நிறம் குன்றாது; மணமே குன்றும்.

அடுத்து, வெங்காயத்தை மிகச் சிறிதாக அரிந்து ஐந்து நிமிடம் குளிர்ந்த நீரிலிட்டு வடித்தல் வேண்டும். வெட்டிய முகத்திற் படிந்த கடுங்காரம் கழன்று இனிமை மிஞ்சும். பின்னர் மிளகாயை அரிதல். காரம் வித்தில் உள்ளது என்று பலர் நினைப்பர். உண்மையில் வித்தைத் தாங்கும் வெண்ணிறச் சவ்விலேயே அது மிகுதி. பிள்ளைகளும் உண்பதாயின் அச்சவ்வை நீக்கினாற் போதும். காரப் பொருள் நீரிற் கரையாதது. ஆதலாற் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவும் வரை கண்ணைத் தொடுதல் கூடாது. வாய் எரிந்தால் நீரினும் தயிரும் பாலுமே தணிக்கும்.

மூன்றாவதாகத் தக்காளியைக் கடலைப் பருமனில் வெட்டுதல். வித்தைச் சூழ்ந்த கூழைச் சிலர் நீர் கோக்கும் என்றஞ்சி எறிந்துவிடுவர். சுவையை மிகுவிக்கும் பொருள் சதையிலும் அக்கூழிலேயே அதிகம் என்பதால், அதனை எறியாது சேர்த்தலே நன்று. கொத்தமல்லியை இறுதியில் அரிதல் வேண்டும். முன்னரே அரிந்தால் மணம் போய்விடும். கொத்தமல்லி சவர்க்காரம்போல் மணக்கிறது என்று முகம் சுளிப்போர் வீட்டில் இருப்பின் அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டா. சிலர் பிறப்பிலேயே அம்மணத்தை அவ்வாறு உணர்வர். அதற்கு ஒரு மரபணுவின் வேறுபாடும் காரணம் என்று கண்டுள்ளனர்.

யாவற்றையும் கலந்து, தேசிக்காய் பிழிந்து, இறுதியிலேயே உப்பிடுக. தக்காளியின் பெரும்பகுதி நீர். உப்புப் பட்டதும் பிரசாரணத்தால் அந்நீர் வெளிவரும். பத்து நிமிடம் பொறுத்தால் அந்நீரே சாறாகித் துண்டுகளைத் தழுவிக்கொள்ளும். இரண்டு மணி நேரம் பொறுத்தால் துண்டுகள் தளர்ந்து தண்ணீரில் மிதக்கும். ஆகவே உப்பிடும் நேரமே உண்ணும் நேரத்தைத் தீர்மானிக்கின்றது. விஞ்ஞானம் கற்கும் மாணவர்கள் உப்பிட்ட பாதியையும் உப்பிடாத பாதியையும் இரு கிண்ணங்களில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக.

இவ்வாறு வெட்டிச் செய்வதில் தக்காளியின் சிவப்பும் வெங்காயத்தின் வெண்மையும் மிளகாயின் பச்சையும் மெக்சிக்கோவின் தேசியக் கொடியை நினைவூட்டும். 'சேவலின் அலகு' எனப் பொருள்படும் பீக்கோ தெ காயோ என்ற பெயரும் இதற்குண்டு. கல்லில் அரைக்க விரும்புவோர், உப்பையும் மிளகாயையும் வெங்காயத்தையும் முதலில் அரைத்து, பின்னரே தக்காளியை இட்டு நசுக்குக. உப்புக் கற்கள் மிளகாயை அரைக்க உதவும். எமது அம்மியே இதற்குப் போதும். மின்சார அரைப்பானில் நெடுநேரம் அடித்தாற் காற்றுப் புகுந்து நுரைத்து நிறம் வெளிறும். விட்டுவிட்டு இரண்டொரு தடவை சுற்றுவதே தகும்.

தூய்மையும் காலமும்

சூடு காணாத உணவுக்குத் தூய்மையே காவல். 2008 ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே சல்மொனெல்லா என்னும் கிருமியால் 1,400 பேருக்கு மேல் நோயுற்றனர். முதலில் தக்காளி மீது பழி விழுந்தது. விற்பனை குன்றித் தக்காளி விளைவித்தோர் பெருநட்டமுற்றனர். பின்னர் ஆராய்ந்தபோது மெக்சிக்கோவிலிருந்து வந்த பச்சை மிளகாய் வகைகளே முதன்மைக் காரணம் எனப் புலனாயிற்று. ஆதலால் தக்காளியையும் மிளகாயையும் இலையையும் ஓடும் நீரிற் கழுவுதல் வேண்டும். மீனும் இறைச்சியும் வெட்டிய பலகையில் இவற்றை வெட்டுதல் ஆகாது. செய்த சல்சாவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்தல் கூடாது. வெப்பம் 32 பாகையைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரமே எல்லை.

மிஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் உண்ணலாம். சுவை குறையுமே தவிரக் கேடில்லை. ஆனால் இதே கலவையை வீட்டிற் போத்தலில் அடைத்து மாதக் கணக்கில் வைக்க முயலுதல் ஆபத்தானது. தக்காளியின் புளிப்பு, காற்றில்லாப் போத்தலில் வளரும் கொடிய நச்சுக் கிருமியைத் தடுப்பதற்கு வேண்டிய புளிப்பின் விளிம்பிலேயே நிற்கின்றது. வெங்காயமும் மிளகாயும் சேரும்போது அப்புளிப்பு மேலும் குறைந்துவிடும். போத்தலில் அடைப்பதற்கெனச் சோதித்து வகுத்த முறைகள் வேறு; இது வேறு. அன்று செய்து அன்று உண்ணுக என்பது இங்கே சுவையின் கட்டளை மட்டுமன்று; உயிர்காக்கும் கட்டளையுமாகும்.

எமது வீடுகளுக்கும் சம்பல் போத்தலில் வரத் தொடங்கிவிட்டது. வேலைக்குச் சென்று மாலையிற் களைத்து வரும் தாய்மாரைப் பார்த்து, அம்மியில் அரையுங்கள் என்று உபதேசம் செய்வது எளிது, நியாயமன்று. நாம் சொல்ல விரும்புவது வேறு. கால் மணி நேர வேலையாகிய இதற்கு வீட்டிலே ஒருவர் மட்டுமே உரியவர் அல்லர். தந்தை வெங்காயம் அரியலாம். மகன் தக்காளி வெட்டலாம். மகள் தேசிக்காய் பிழிந்து உப்புப் பார்க்கலாம். சுண்ணாம்பு முறை ஐரோப்பாவுக்குச் செல்லாமற் போனது, அதனை எவரும் எவருக்கும் கைகாட்டிக் கற்பியாமையால். எமது அடுக்களை முறைகளும் அவ்வாறே ஒரு தலைமுறையில் மறைந்துபோதல் கூடும். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை மதிய உணவுக்குச் சற்று முன்னர், மூன்று தக்காளியும் ஒரு கத்தியும் பிள்ளைகளிடம் கொடுத்து, அருகில் இருந்து வெட்டப் பழக்குவோமாக.